மலைநாட்டில் அலங்காரச் சுரை: எந்தப் பக்கம், எந்த மாதம்?

வாசல்தோட்டம், தியத்தலாவை

எல்லாருக்கும் வணக்கம். 7 பேர்ச் (நிலஅளவு) காணியில் வீடு கிடைத்து, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்திருக்கிறோம். உள்ளே எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது, விறாந்தைதான் வெறுமையாகக் கிடக்கிறது. பிளாஸ்டிக் பூ வாங்கித் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. எல்ல என்கிற ஊர்ப் பக்கம் ஒரு விடுதியில் வேலை செய்கிற தங்கச்சி, அங்கே மேசையில் கூடை நிறைய வைத்திருந்த காய்களைப் படம் பிடித்து அனுப்பினாள். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஒன்று மேலே மஞ்சள், கீழே கரும்பச்சை, நடுவில் சரியாகப் பிரிந்து நிற்கிறது. இன்னொன்றுக்கு உடம்பெல்லாம் மரு. பார்த்ததிலிருந்து அதே நினைப்பு.

இவை என்ன காய்? நம் பக்கம் வருமா? எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும்? அதோடு, சுரைக்குடுவையில் துளை போட்டு உள்ளே சின்ன பல்பு வைத்து விளக்குச் செய்கிறார்களே, கார்த்திகைக்கு அப்படி ஒன்று செய்யவும் ஆசை. பின்பக்கம் பந்தல் போட இடம் இருக்கிறது. மண் பழைய தேயிலை மண். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவாமண், பசறை

தங்கச்சி, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு வேறு செடி. முதலில் அதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

படத்தில் உள்ள வண்ணக் காய் பூசணிக் குடும்பத்தில் குக்குர்பிட்டா பெப்போ என்கிற இனம். நுவரெலியாவில் கறிக்குப் போடுகிற சுக்கினிக் காயும் அதே இனம்தான். மஞ்சள் பூ, காலையில் விரியும், தேனீ வந்து சேர்த்துவிடும். விதை போட்டு ஏறக்குறைய 90, 100 நாளில் காய் முற்றும். ஓடு மெல்லிசு, உள்ளே சதையும் ஈரமும் அப்படியே இருக்கும். அதனால் பறித்த பிறகு இரண்டு மூன்று மாதம், நன்றாக வைத்திருந்தால் நாலு மாதம் அழகு காட்டும். அப்புறம் நிறம் மங்கும், சுருங்கும், சிலது அழுகும். நேர் வெயிலில் வைத்தால் நிறம் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

விளக்குக்கு வேண்டியது நம் சுரை. வெள்ளைப் பூ, பொழுது சாயும்போது விரியும், விடிந்தால் வாடத் தொடங்கிவிடும். அந்துப்பூச்சிகள்தான் இதற்கு மகரந்தம் சேர்ப்பவை. ஓடு இறுகி முற்ற நாலு மாதம் வேண்டும், குளிர் இடத்தில் ஐந்தும் ஆகும். ஆனால் ஒரு தடவை ஒழுங்காகக் காய்ந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். தம்பூராவின் குடம் இதுதான், பாம்பாட்டியின் மகுடியும் இதுதான். ஆப்பிரிக்காவில் தோன்றி, ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கக் கண்டம் வரை போய்ச் சேர்ந்த காய். அங்கே மண்பானை பழக்கத்துக்கு வருமுன்னரே இதில் தண்ணீர் மொண்டிருக்கிறார்கள். இத்தனை பெருமை உள்ள காயைக் குழம்புக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு.

என்னைக் கேட்டால் வண்ணக் காய் ஒரு கொடி, சுரை மூன்று கொடி போடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். மலைநாட்டில் சுரை வளர்ப்பது பெரிய வேலையில்லை. காய வைப்பதுதான் வேலை. ஓடு இறுகிய பெரிய காய் உள்வரை காய மூன்று முதல் ஆறு மாதம் எடுக்கும். அந்தக் காலம் முழுக்க மூடுபனியும் தூறலுமாக இருந்தால் எவ்வளவு நல்ல காயும் நசிந்துபோகும். ஆகவே விதை போட எந்த மாதம் நல்லது என்று யோசிக்காதீர்கள். உங்கள் பக்கம் எப்போது வெயிலும் காற்றும் சேர்ந்து வரும் என்று பாருங்கள். அந்தக் காலம் தொடங்கும்போது காய் பறிக்கிற மாதிரி பின்னோக்கி எண்ணி விதை போடுங்கள்.

தியத்தலாவை, பண்டாரவளை, ஹப்புத்தளைக்கு அது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏறுகிற அதே வறண்ட காற்றுக் காலம். அப்படியென்றால் பெப்ரவரி நடுவில் விதை. மார்ச், ஏப்ரல் மழையில் கொடி ஏறும், மே மாதம் காய் பிடிக்கும், ஜூலையில் காம்பு காயும்.

டிக்கோயா அக்கா, ஹட்டன்

பசறைத் தம்பி சொன்ன கணக்கு முழுக்க சரி. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் இதைப் படித்துவிட்டு பெப்ரவரியில் விதை போட்டால் போச்சு. ஊவாவில் காற்றடித்துக் காய்கிற ஆடி மாதம்தான் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற காலம். வீட்டுக்குள் தொங்குகிற துணியே காயாது, சுரைக்காய் எங்கே காய்வது?

எங்களுக்கு நல்ல வெயில் ஜனவரி முதல் மார்ச் வரைதான். திம்புளைத் தேயிலைக்கும் அதுதான் நல்ல பருவம். அதனால் நான் ஓகஸ்ட் கடைசியில் விதையைப் பையில் போட்டு, கன்றை செப்டெம்பரில் நிலத்துக்கு மாற்றுவேன். ஒக்டோபர், நவம்பர் மழையில் இலையில் சாம்பல் பூத்தது போல நோய் வரும். அடி இலைகளை அவ்வப்போது கிள்ளி எடுத்து, காற்றோட்டம் விட்டு, காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் சமாளிக்கலாம். ஜனவரியில் காய் கைக்கு வரும்.

பெரிய குடம் வகை எங்கள் பக்கத்துக்கு வேண்டாம் என்பது என் அனுபவம். மூன்று மாத வெயிலுக்குள் அது காய்ந்து முடிக்காது. சின்ன வயிறும் நீண்ட கழுத்தும் உள்ளதைப் போடுங்கள்.

அப்புறம் தங்கச்சி, அடுப்புப் பரண் இருக்கிறதா? எங்கள் அம்மா விதைச் சுரையை அடுப்புக்கு மேலேதான் கட்டித் தொங்கவிடுவார். புகைபட்ட காயில் பூச்சி ஏறாது, நிறமும் கருஞ்சிவப்பாக மாறி மினுங்கும். எவ்வளவு மழை பெய்தாலும் அடுப்புக்கு மேல் ஈரம் நிற்காது.

ஊவாமண், பசறை

அக்கா, புகையில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. பச்சைக் காயைப் பறித்தவுடன் அடுப்புக்கு நேர் மேலே கட்டினால் வெளி ஓடு சட்டென்று காய்ந்து இறுகும், உள்ளே தண்ணீர் அப்படியே நிற்கும். அப்போது ஓடு விரியும், சில காய் உள்ளேயே புளித்து நாறும். மெல்ல மெல்லக் காய்ந்த காய்தான் உறுதி.

டிக்கோயா அக்கா, ஹட்டன்

நேர் மேலே இல்லை தம்பி. பரணின் ஓரத்தில், கை வைத்தால் இளஞ்சூடு மட்டும் தெரிகிற தூரத்தில். அதுவும் முதல் மாதம் வெளியே விறாந்தைக் கம்பியில் தொங்கவிட்டு, காய் கொஞ்சம் எடை குறைந்த பிறகுதான் பரணுக்குப் போகும். அடுப்பே இல்லாமல் ஹட்டன் பக்கத்தில் சுரை காய வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

ஊவாமண், பசறை

அப்படியென்றால் சரி. முதலில் காற்று, பிறகு இளஞ்சூடு. மேற்குப் பக்கத்துக்கு அதுதான் வழி என்று ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் காற்றே போதும்.

நானுஓயாக்காரன், நானுஓயா

இரண்டு பேரும் எங்களை விட்டுவிட்டீர்கள். இங்கே ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலை புல்மேல் உறைபனி நிற்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், நாங்கள் அதற்குக் கொஞ்சம் கீழே. உறைபனி பட்டால் சுரையோ பூசணியோ ஒரே இரவில் கருகிவிடும். எங்களுக்கு இது நடக்காத காரியமா?

ஊவாமண், பசறை

தம்பி, உங்கள் இடத்தில் வெளியே சுரை போடச் சொல்ல மாட்டேன். சுரை விதை முளைக்கவே மண் 20 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் பக்கம் வருஷம் முழுக்கச் சராசரியே 16 பாகை. கொடி வரும், பூ வரும், ஓடு இறுகுமுன் குளிர் பிடித்துக்கொள்ளும்.

வண்ணப் பூசணி உங்களுக்குப் பொருந்தும். அது குளிரைக் கொஞ்சம் தாங்கும், சீக்கிரமும் முற்றும். உறைபனி போன பிறகு, மார்ச்சில் நடுங்கள். மிளகாய்க்கும் தக்காளிக்கும் போடுகிற பொலித்தீன் கூடாரத்தில் ஒரு மூலை கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் கூடாரத்துக்குள் தேனீ வராது, நீங்கள்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழைப் பிய்த்துவிட்டு, நடுவில் உள்ள தூளைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம், இதழுக்குப் பின்னால் குட்டிக் காய் ஒட்டியிருக்கும். முதல் இரண்டு வாரம் ஆண் பூ மட்டும்தான் வரும். அதைப் பார்த்துக் கொடி மலடு என்று யாரும் பிடுங்கிவிடாதீர்கள்.

சுரைக்கும் இதே முறைதான், ஆனால் நேரம் மாலை ஆறரை ஏழு மணி. மழை நாட்களில் அந்துப்பூச்சி வராது. டோர்ச் எடுத்துக்கொண்டு பந்தலடிக்குப் போனால் காய் பிடிப்பது பல மடங்கு கூடும்.

வாசல்தோட்டம், தியத்தலாவை

இவ்வளவு விளக்கத்துக்கு எல்லாருக்கும் நன்றி. மண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? முப்பது நாற்பது வருஷம் தேயிலை நின்ற இடம். கீரை போட்டேன், மஞ்சளாக நிற்கிறது.

ஊவாமண், பசறை

கீரை மஞ்சளாக நிற்கிறதென்றால் புளிப்பு மண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். தேயிலைக்கு அமில மண் பிடிக்கும், பீ.எச். 4.5 முதல் 5.5 வரை (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). சுரைக்கும் பூசணிக்கும் 6க்கு மேல் வேண்டும். புளிப்பைக் குறைக்கிற டொலமைட் சுண்ணாம்புத்தூள் வாங்கி, குழிக்கு இரண்டு கைப்பிடி, நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மண்ணோடு கலந்து தண்ணீர் விட்டு வையுங்கள். குழி ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். மக்கிய மாட்டெரு ஒரு கூடை. கோழி எரு போட்டால் நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும், சூடு அடங்காத எருவில் வேர் வெந்துவிடும். பூ வருகிற சமயத்தில் யூரியா போடாதீர்கள். கொடி தலைகால் தெரியாமல் இலை விடும், காய் நிற்காது.

விதையை இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள். சுரை விதைத் தோல் கெட்டி, கூர் முனையைக் கொஞ்சம் நகவெட்டியால் நறுக்கினால் முளை சீக்கிரம் வரும். கொடி பந்தல் உயரம் ஏறியதும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம்.

பந்தலை ஆளுயரத்துக்கு மேல், பலமாகப் போடுங்கள். சவ்சவ்வுக்குப் போடுகிற பந்தல் போதாது, தண்ணீர் நிறைந்த சுரை ஒவ்வொன்றும் பல கிலோ இழுக்கும். பந்தலில் தொங்கும் காய்க்குக் கழுத்து நேராக வரும். நிலத்தில் கிடந்தால் கழுத்து வளையும், அந்த வளைவும் ஒரு அழகுதான். மேசையில் நிற்கிற குடுவை வேண்டுமென்றால் இளங்காயிலேயே அடியில் ஒரு பலகை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்துவிடுங்கள், அடி தட்டையாக வரும்.

வெலிமடை_விவசாயி, வெலிமடை

ஒரு எச்சரிக்கை சொல்ல வந்தேன். எங்கள் பக்கத்து வீட்டில் இந்த மாதிரி அழகுக் காய் போட்டார்கள். அந்தப் போகம் எங்கள் சுக்கினியில் சில காய் கசந்தது. மகரந்தம் கலந்துதான் இப்படி ஆனது என்று நினைக்கிறேன். மரக்கறி போடுகிறவர்கள் பக்கத்தில் இதைப் போட வேண்டாம்.

ஊவாமண், பசறை

அண்ணே, பயம் நியாயமானது, ஆனால் காரணம் வேறு. மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் இந்தப் போகத்துக் காயின் சதை தாய்க்கொடியின் சதைதான், அதன் குணம் மாறாது. மாறுவது உள்ளே இருக்கும் விதை. அந்த விதையை எடுத்து அடுத்த போகம் போட்டால்தான் கசப்பு வரும். நீங்கள் சொந்தமாக எடுத்த விதையைப் போட்டீர்களா?

வெலிமடை_விவசாயி, வெலிமடை

ஆமாம், பாதி வாங்கினது, பாதி வீட்டு விதை. எந்த வரிசை கசந்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தால், நீங்கள் சொல்வது பொருந்துகிறது. பக்கத்து வீட்டில் முந்தின போகமும் அந்தக் காய் இருந்தது.

ஊவாமண், பசறை

அப்படியென்றால் அதுதான். இதை இங்கே கொஞ்சம் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அலங்காரக் காய்களில் குக்குர்பிட்டாசின் என்கிற கசப்பு நஞ்சு அதிகம். சமைத்தாலும் அது போகாது. 2015இல் ஜெர்மனியில் வீட்டில் விளைந்த கசப்பான சுக்கினியைச் சாப்பிட்டு ஒருவர் இறந்திருக்கிறார். இந்தியாவில் கசந்த சுரைச் சாறு குடித்து இறந்தவர்களும் உண்டு. சுக்கினி, சுரை, பூசணி எதுவானாலும் வெட்டியவுடன் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். மிளகாய்த்தூள் போட்டுக் கசப்பை மறைத்துக் குழம்பு வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அழகுக்கு வைத்திருக்கும் காயைப் பிள்ளைகள் கடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்ணக் காய் போடுகிறவர்கள் சுக்கினிக்குச் சொந்த விதை எடுக்காதீர்கள், கடையில் பாக்கெட்டில் வரும் விதை வாங்குங்கள். கறிச்சுரைக்கும் அலங்காரச் சுரைக்கும் அதே விதிதான். ஆனால் சுரையும் பூசணியும் தங்களுக்குள் கலக்காது, அந்தக் கவலை வேண்டாம்.

நானுஓயாக்காரன், நானுஓயா

வண்ணக் காய் விதை இங்கே கடையில் கேட்டேன், இல்லை. கனடாவில் இருக்கிற மாமாவைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பச் சொல்லலாமா?

கண்டி டீச்சர், கண்டி

தம்பி, அப்படிச் செய்யாதீர்கள். வெளிநாட்டு விதைக்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும், 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம்தான் அதைப் பார்க்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பூசணிக் குடும்பத்து வைரஸ் நோய்களில் சிலது விதை வழியாகவே வரும். உங்கள் ஒரு கூடைக் காய்க்காக நுவரெலியாச் சுக்கினிக்காரர்கள் எல்லாரும் அனுபவிக்கக் கூடாது. விதை இறக்குமதி செய்யும் கடைகளிடம் முன்பதிவாகக் கேட்டுப் பாருங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

நான் பாடசாலையில் கைப்பணி சொல்லிக்கொடுக்கிறேன், காய்ந்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

காய் பறிக்கும்போது காம்பு பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு அங்குலக் காம்போடு வெட்டுங்கள், காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். நகம் பட்ட இடத்தில்கூட அழுகல் தொடங்கும். சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, ஒன்றையொன்று தொடாமல் நிழலில் தொங்கவிடுங்கள், வாரம் ஒரு தடவை திருப்பிவிடுங்கள்.

அடுத்து வருவதுதான் எல்லாரையும் பயமுறுத்தும். சில வாரத்தில் காய் மேல் பூஞ்சணம் பூக்கும், வெள்ளையாக, சாம்பலாக, சில இடத்தில் கறுப்பாக. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். பிள்ளைகள் அழுதுகொண்டு வந்து காட்டுவார்கள், வீட்டில் அம்மா தூக்கி எறிந்துவிட்டார் என்பார்கள். எறிய வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீர் ஓட்டின் வழியாக வெளியேறுகிறது, பூஞ்சணம் மேல்தோலைத் தின்று வாழ்கிறது. விரலால் அழுத்திப் பாருங்கள். ஓடு கெட்டியாக இருந்தால் காய் நல்ல காய். அமுங்கினால், அல்லது தண்ணீர் கசிந்தால் மட்டும் எடுத்து எருக் குழியில் போடுங்கள். பூஞ்சணக் கறை ஓட்டில் திட்டுத் திட்டாக, வளையம் வளையமாகப் படிந்து, கழுவிய பிறகு பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகளைப் போல நிற்கும். எந்தச் சாயத்தாலும் அந்தக் கோலத்தைக் கொண்டுவர முடியாது. நான் அந்தக் கறை விழுந்த காய்களைத்தான் முதலில் எடுத்து வைப்பேன்.

ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். காய் கையில் வைத்தால் எடையே தெரியக் கூடாது. அப்போது காய்ந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைக் காயில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளால் மேல்தோலைத் தேய்த்து எடுங்கள். உள்ளே இளம் மரநிறத்தில் ஓடு தெரியும்.

வெட்டும்போதும் உட்பக்கம் சுரண்டும்போதும் முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் மூச்சுக்குழாயை எரிக்கும், இருமல் நாள்கணக்கில் நிற்கும். முன்கூட்டி உட்பக்கத்தை நனைத்துக்கொண்டால் தூள் பறக்காது.

வாசல்தோட்டம், தியத்தலாவை

டீச்சர், விளக்குக்குத் துளை எப்படிப் போடுவது? எங்களிடம் ட்ரில் இல்லை.

கண்டி டீச்சர், கண்டி

முதலில் பென்சிலால் கோலம் வரையுங்கள். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தால் வேறெதுவும் கற்க வேண்டாம், ஒவ்வொரு புள்ளியும் ஒரு துளை. வெவ்வேறு தடிப்பில் மூன்று ஆணி எடுத்து, மரப்பிடி போட்டு, கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்துங்கள். சத்தமில்லாமல் இறங்கும், ஓரம் கருகிக் கறுப்பு வளையம் விழும், அதுவே வடிவு. அழுத்தித் தள்ளினால் ஓடு வெடிக்கும். சூடுதான் துளைக்க வேண்டும், கை சும்மா பிடித்துக்கொண்டால் போதும். வெளியே காற்றோட்டத்தில் செய்யுங்கள். அடியில் பல்பு நுழைய ஒரு வட்டம் வெட்டுங்கள். எல்.ஈ.டி. பல்பு மட்டும் போடுங்கள். மெழுகுதிரியோ எண்ணெய் விளக்கோ உள்ளே வைத்தால் காய்ந்த ஓடு பற்றிக்கொள்ளும்.

இன்னொரு வேலை கொடியில் இருக்கும்போதே செய்யலாம். காய் முழு அளவுக்கு வருமுன், தோல் இன்னும் பச்சையாக இருக்கும்போது, ஒரு மொட்டை ஆணியால் மேல்தோலை மட்டும் கீறிப் பெயரோ பூவோ எழுதுங்கள். காயம் ஆறிய இடம் தடித்து மேலெழும்பும். காய்ந்த பிறகு தொட்டுப் பார்த்தால் எழுத்து விரலில் படும். ஆழமாகக் கீறினால் அழுகிவிடும், மெல்லக் கீறுங்கள்.

வெளியே தொங்கவிடுகிறவர்கள் அடியில் ஒரு சின்னத் துளை போட்டு வையுங்கள். வாய் திறந்த குடுவையில் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. கண்டிப் பக்கம் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

டிக்கோயா அக்கா, ஹட்டன்

சிட்டுக்குருவிக்குக் கூடு செய்கிறவர்கள் வாசல் துளையை ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் வெட்டாதீர்கள், பெரிதாக இருந்தால் மைனா நுழைந்து பிடித்துக்கொள்ளும்.

வாசல்தோட்டம், தியத்தலாவை

குரங்கும் முள்ளம்பன்றியும் எங்கள் பக்கம் அதிகம். அதற்கு?

வெலிமடை_விவசாயி, வெலிமடை

கசப்புக் காயைக் குரங்கு ஒரு தடவை கடித்தால் மறுபடி அவ்வளவாகத் தொடாது. ஆனால் பறித்து விளையாடிப் போட்டுவிடும். முள்ளம்பன்றிக்கு அடித்தண்டைச் சுற்றித் தகரம் நட்டுவிடுங்கள். இவற்றைவிடப் பழ ஈதான் உண்மையான எதிரி. பிஞ்சில் குத்தி முட்டை வைத்துவிடும், வெளியே ஒரு சின்னப் பிசின் பொட்டு மட்டும் தெரியும். நாலு நாளில் பிஞ்சு மஞ்சளாகி விழும். மகரந்தம் சேர்த்த மறுநாளே பிஞ்சைப் பழைய பத்திரிகைத் தாள் பையில் மூடி, வாயைத் தளர்வாகக் கட்டுங்கள். பொலித்தீன் பை வேண்டாம், வியர்த்து அழுகும். விழுந்த பிஞ்சுகளைத் தோட்டத்தில் விடாமல் பொறுக்கி, ஒரு பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டால் உள்ளே இருக்கும் புழு செத்துவிடும். அப்படியே மண்ணில் விட்டால் அடுத்த தலைமுறை ஈ அங்கிருந்தே கிளம்பும். காய் பெரிதாகித் தோல் தடித்ததும் பையை எடுத்துவிடலாம்.

வாசல்தோட்டம், தியத்தலாவை

சரி, முடிவு செய்துவிட்டேன். குழிக்கு டொலமைட் ஜனவரிக் கடைசியில், விதை பெப்ரவரி நடுவில். வண்ணக் காய்க்கு விதைக்கடையில் சொல்லி வைக்கிறேன். நீண்ட கழுத்துச் சுரை விதை இங்கே யாரிடமும் இல்லை. டிக்கோயா அக்கா, உங்களிடம் கொஞ்சம் கிடைக்குமா? கடைசியாக ஒன்று: பளபளப்புக்கு வார்னிஷ் அடிக்கலாமா?

கண்டி டீச்சர், கண்டி

சுரைக்கு அடிக்கலாம், முழுக்கக் காய்ந்திருந்தால். எனக்குப் பிடித்தது மண்ணிற ஷூ பாலிஷ். துணியில் தொட்டுத் தேய்த்து, அரை மணி நேரம் விட்டு, உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் பூஞ்சணக் கோலம் எடுப்பாகத் தெரியும். வண்ணக் காய்க்கு வார்னிஷ் வேண்டாம். உள்ளே ஈரம் இருக்கிறது, மூடிவிட்டால் சீக்கிரம் அழுகும். மெழுகு மெல்லிசாகத் தேய்த்தால் போதும்.

டிக்கோயா அக்கா, ஹட்டன்

தங்கச்சி, விதை தாராளமாக இருக்கிறது. முகவரியைத் தனிச் செய்தியில் போடுங்கள், தபாலில் அனுப்புகிறேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் பந்தலில் நீண்ட கழுத்தும் குண்டுச் சுரையும் ஒன்றாகத்தான் ஏறின, நான் பூவைக் கட்டி வைக்கவில்லை. அதனால் உங்களுக்கு நீளமும் வரலாம், குண்டும் வரலாம், இரண்டும் கலந்தும் வரலாம். ஆறு விதை போட்டு, பிஞ்சைப் பார்த்துப் பிடித்த கொடிகளை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். பிடித்த வடிவத்தில் ஒரு பெண் பூவையும் அதே கொடியின் ஆண் பூவையும் விரிவதற்கு முன் மாலையிலேயே நூலால் கட்டி வைத்து, இருட்டியதும் அவிழ்த்து, கையால் மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். அந்தக் காயின் விதையில் எனக்கும் பத்து அனுப்புங்கள்.